கடல்மல்லை முதல் செங்கை வரை: பெயர்கள் பொறித்த சாலை

மாமல்லபுரத்தைக் காணாதவர் நம்மிடையே அரியர். பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை, வெளியூர் உறவினர் வந்தபோது மறுமுறை என ஐந்து இரதங்களையும் அருச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டு அன்று மாலையே வீடு திரும்பிவிடுகிறோம். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்னர் பெருகிய வெளிநாட்டுப் பயணியரும் கடலோர விடுதிகளில் தங்கி, அதே நான்கைந்து இடங்களைத்தான் சுற்றி வருகின்றனர். இதனால் ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. தருமராச இரதத்தைச் சுற்றிலும் பொறிக்கப்பட்டுள்ளவை மன்னனின் விருதுப் பெயர்களே. ஊரின் பெயரும் மாமல்லனின் பெயரே. ஆகவே, மல்லையோடு நின்றுவிடுபவருக்கு அரசன் ஒருவனைத் தவிர வேறு எவரும் கண்ணில் படுவதில்லை. ஏனையோரைக் காண வேண்டுமாயின், அங்கிருந்து மேற்கே திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்குச் செல்லும் சாலையில் ஒரு பகற்பொழுதைச் செலவிட வேண்டும். முப்பது கிலோமீட்டர் அளவே உள்ள சாலை அது.

மல்லையை விட்டு நீங்கிய சிறிது தொலைவிலேயே பூஞ்சேரி வருகிறது. இங்குள்ள பாறையொன்றில் தொழிலாளர் சிலரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், பையமிழிப்பான், கொல்லன் சேமகன் என்பன அவற்றுட் சில. உளியைக் காய்ச்சி அடித்துக் கூராக்கித் தரக் கொல்லன் இல்லையேல் கல் வேலை ஒரு நாளும் நடவாது. அவனுடைய பெயரும் தச்சன் பெயரோடு சேர்ந்து நிற்பது எண்ணி மகிழத்தக்கது. பல்லவர் கலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் பாடநூல்களில் இவர்களுக்கு ஒரு வரியேனும் ஒதுக்கலாம்.

திருக்கழுக்குன்றம் தேவார மூவரின் பாடல் பெற்ற தலம். நண்பகலில் இரு கழுகுகள் வந்து அமுதுண்டு சென்றமையால் பட்சி தீர்த்தம் எனப் பெயர் பெற்றது. 1990களின் இறுதியோடு அவற்றின் வரவு நின்றுபோயிற்று. மலைமேல் வேதகிரீசுவரரை வணங்கி இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவியரோடு சென்றபோது, அதன் தூண்களில் உரோமானிய எழுத்துக்களைக் கண்ட ஒரு மாணவி, ‘இங்கும் கிறுக்கிவிட்டார்களே’ என்று சினந்தாள். கிறுக்கியவர்கள் நம் காலத்தவர் அல்லர். பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர். மல்லைக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்து, உள்நாட்டுத் தறிகளில் நெய்த மெல்லிய துணிகளைக் கப்பலேற்றியவர்கள் அவர்கள். ஓய்வு நாளில் குன்றேறி, தூணில் தம் பெயரையும் ஆண்டையும் செதுக்கிச் சென்றிருக்கின்றனர். இவ்வட்டாரத்துக்கு ஒருநாள் உலாச் சென்றவருள் சான்று வைத்துச் சென்றவர் இவர்களே எனலாம். முந்நூறு ஆண்டு கடந்தால் குறும்பும் ஆவணமாகிவிடுகிறது என்று மாணவிக்குச் சொன்னேன். அவள் சினம் தணியவில்லை. எனக்கும் முழு உடன்பாடு இல்லை. அவர்களுடைய செங்கற் கோட்டையின் சிதைவுகளும், சிற்ப வேலைப்பாடு மிக்க கல்லறைகளும் சதுரங்கப்பட்டினத்தில் இன்றும் உள்ளன. அக்கோட்டை 1781இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டது. இடையில் மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்து, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியே ஆங்கிலேயருக்கே உரியதாயிற்று.

இவ்வூர்க் கோயிலில் உள்ள முதலாம் ஆதித்த சோழனின் இருபத்தேழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் குறிப்பிடத்தக்கது. கந்தசிஷ்யன் என்னும் பல்லவன் அளித்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அவ்வண்ணமே காத்தான். அதனைத் தானும் காப்பதாகச் சோழன் கூறுகிறான். மல்லைக்குப் பெயர் தந்தவனே இந்த நரசிங்கன். அரசு மாறியும் அறக்கொடை மாறாமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

செங்கற்பட்டை அடைவதற்கு மூன்று கிலோமீட்டர் முன்னதாக உள்ளது வல்லம். இச்சாலையில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது இச்சிற்றூரே. சிறு குன்றில் மூன்று குடைவரைகள், எல்லாம் எளியவை. மல்லையின் பேரழகை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவர். வாயிலின் புறத்தே விநாயகரும் சேட்டையும் புடைப்புருவாக அமர்ந்திருக்கின்றனர். செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் சமைத்ததை மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் வடமொழியில் அறிவித்தான். வல்லத்திலோ அவனுடைய அடியான் வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன், தான் செய்வித்த தேவகுலத்தைப் பற்றித் தமிழில் பொறித்தான். பகாப்பிடுகு முதலிய மன்னனின் விருதுகளைச் சொல்லி, தன் தந்தையைச் சொல்லி, இறுதியில் தன்னைச் சொல்கிறான். பேரரசின் புதிய கலை ஒரு தலைமுறைக்குள் உள்ளூர்த் தலைவர் கைக்கு வந்து, உள்ளூர் மொழியிலும் பேசத் தொடங்கியதை இங்கே காண்கிறோம்.

அதே குன்றின் மற்றொரு குடைவரை, பல்லவப் பேரரையர் மகள் கொம்மை எடுப்பித்தது எனக் கல்வெட்டு உரைக்கிறது. இன்னார் மகள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி அக்கல் ஒன்றும் கூறவில்லை. எனினும் குடைவரை எடுத்த பெண்ணொருத்தியின் பெயர், மல்லையிலிருந்து ஒரு பேருந்துப் பயணத்தில் நமக்குக் கிடைக்கிறது! பல்லவர் வரலாற்றைப் பல ஆண்டுகள் கற்பித்த பின்னரே நான் இக்குன்றின் படிகளில் ஏறினேன் என்பதை நாணத்தோடு இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கொளவாய் ஏரிக்கரையில் சாலை முடிகிறது. விசயநகர வேந்தர் காலக் கோட்டையை 1752இல் கிளைவ் கைப்பற்றிய செய்தி பலரும் அறிந்ததே. 1763இல் ஆற்காட்டு நவாபு இச்சீமையைக் கும்பினியாருக்குச் சாகீராக அளித்த பின்பு, 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் பொறியாளர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர் எழுதிய ஓலைகளுள் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டு வருகிறது. 2019இல் தனி மாவட்டமாகிய செங்கற்பட்டின் வரலாற்றுக்கு அவற்றினும் சிறந்த கருவூலம் இல்லை. களத்தில் குவித்த நெல்லை அரசும் குடியும் பகிர்ந்துகொள்ளு முன், ஏரி காப்பவனுக்கு இவ்வளவு, குயவனுக்கு இவ்வளவு, வண்ணானுக்கு இவ்வளவு என அளந்த கணக்கு அவ்வோலைகளில் இருக்கிறது. தச்சனுக்கும் கொல்லனுக்கும் அதில் பங்குண்டு.