உறக்க மூச்சுத்தடையும் ஓட்டுநரின் மனச்சோர்வும்

உறக்க மூச்சுத்தடை என்பது, தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மேல் மூச்சுப்பாதை அடைபடுவதால், குறைந்தது 10 விநாடி மூச்சு நின்று, குருதியில் ஆக்சிஜன் குறைந்து, மூளை திடுக்கிட்டு விழித்து மீண்டும் மூச்சைத் தொடங்கிவைக்கும் கோளாறாகும். மணிக்கு 15 முறைக்கு மேல் இவ்வாறு நிகழ்ந்தால் அது மிதமானது எனவும், 30-ஐ எட்டினால் கடுமையானது எனவும் கொள்ளப்படும். நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்திருத்தல், உடற்பருமன், இரவுப்பணி, வேளை தவறிய உணவு ஆகியவை லாரி, பேருந்து ஓட்டுநர்களிடையே இதற்கு இடமளிக்கின்றன.

துண்டுபட்ட உறக்கம் எரிச்சல், ஊக்கமின்மை, கவனக்குறைவு ஆகியவற்றை விளைவிப்பதாலும், இவையே மனச்சோர்வின் அறிகுறிகளாகவும் இருப்பதாலும், ஒன்று மற்றொன்றாகத் தவறாகக் கணிக்கப்படுவதுண்டு. மூச்சுத்தடை அறியப்படாமல் தூக்கக் கலக்கம் தரும் மருந்துகள் மட்டும் கொடுக்கப்பட்டால், வண்டியோட்டும் ஆபத்து கூடவே செய்யும். உரிமம் பறிபோகும் என்ற அச்சத்தால் ஓட்டுநர்கள் அறிகுறிகளை மறைப்பது நோயைக் கண்டறியப் பெரிய தடை. பிழைப்பே உரிமத்தைச் சார்ந்திருக்கையில் இம்மறைப்பைக் குற்றமாகக் காண்பது நியாயமன்று.

1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே தொடர் காற்றழுத்தம் செலுத்தும் சிகிச்சை, பகல்தூக்கத்தைக் குறைப்பதோடு பலரின் மனநிலையையும் தேற்றுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை, சிகிச்சையால் நோய் கட்டுப்பட்ட கனரக வாகன ஓட்டுநர்கள் உரிமம் பெற வழிவிட்டு, ஆண்டுக்கொருமுறையேனும் மருத்துவ மறுஆய்வைக் கட்டாயமாக்குகிறது.