சாண எரிவாயுவில் நானோ துகள்கள்
சாண எரிவாயு உற்பத்தியைக் கூட்ட, செரிகலனில் இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றின் நானோ துகள்களை மிகச் சிறிதளவு சேர்க்கும் முறை. இவை மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிரிகளின் நொதிகளுக்கு இன்றியமையாத உலோகங்கள்; துகளின் அளவு 1 முதல் 100 நானோமீட்டர். மேக்னடைட் எனும் இரும்பு ஆக்சைடு, நுண்ணுயிரிகளுக்கிடையே எலெக்ட்ரான் கடக்கவும் உதவுகிறது. வீட்டுக் கலனுக்கு மிகப் பயன்படக்கூடியது இரும்புதான்: அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடை அது பிடித்து, கரிய இரும்பு சல்பைடாகச் சாணக் கரைசலிலேயே படியவைக்கும்; அதனால் அடுப்பும் எஞ்சினும் அரிப்பிலிருந்து தப்பும். அளவு மிஞ்சினால் நுண்ணுயிரிகளே மடியும். துத்தநாக, செம்பு ஆக்சைடுகளில் இந்த ஆபத்து அதிகம். இதுவரையான சோதனைகள் பெரும்பாலும் ஆய்வகக் கலன்களில் நடந்தவை. பழனி மலையடிவாரத்து அய்யம்பாளையம் போன்ற தென்னை ஊர்களில் சாணக் கரைசலைத் தோப்புக்கு உரமாக விடும்போது உலோகமும் மண்ணில் சேரும் என்பதால், வயல் ஆய்வு இன்றிப் பரிந்துரைப்பது பொறுப்பாகாது.