ஜார்ஜ் டவுன்: ஒரு பெயரும் நான்கு கரைகளும்

ஊர்ப்பெயர் ஆய்வு என்றவுடன் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் ‘ஊரும் பேரும்’ நம் நினைவில் எழும். ஏரியும் சோலையும் கோயிலும் ஊர்ப்பெயராய் நிலைத்த விதத்தை அந்நூல்வழி அறிந்து மகிழ்ந்தவர்கள் நாம். ஆயின், மண்ணில் முளைக்காமல் அரச முத்திரையோடு கப்பலேறி வந்த பெயர்களும் உள. அவற்றுள் ஒன்று ‘ஜார்ஜ் டவுன்’. இப்பெயர் தாங்கிய ஊர்கள் பல கண்டங்களில் உண்டு. அனைத்தையும் அடுக்கிக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நான்கினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவற்றுள் மூன்றில் தமிழர் காலடி பதிந்துள்ளது.

நான்கனுள் மூத்தது அமெரிக்காவில் உள்ளது. 1751இல் மேரிலாந்துக் குடியேற்றத்தின் சட்டமன்றம் பொட்டோமாக் ஆற்றங்கரையில் இவ்வூரை அமைத்தது. புகையிலை ஏற்றிய துறை அது. பெயர்க்குரியவர் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் என்பார் ஒரு சாரார். நிலத்துக்குரியோர் இருவர் பெயரும் ஜார்ஜ் என்பதால் அவர்களே என்பார் மற்றொரு சாரார். இன்று அது வாஷிங்டன் மாநகரின் ஒரு பகுதி.

பினாங்கின் கதையில் இத்தகைய ஐயம் இல்லை. 1786 ஆகஸ்டு 11 அன்று பிரான்சிஸ் லைட் அத்தீவைக் கும்பினியின் உடைமையாக்கி, ஊருக்கு மூன்றாம் ஜார்ஜின் பெயரையும் தீவுக்கு அவர் மகனாகிய வேல்ஸ் இளவரசரின் பட்டத்தையும் சூட்டினார். மன்னரோ இங்கிலாந்தை விட்டு ஒருநாளும் வெளியே சென்றவரல்லர். சயாமின் தாக்குதலிலிருந்து காவல் கிடைக்கும் என்று நம்பித் தீவைத் தந்த கெடா சுல்தானுக்கு அக்காவல் கிட்டவில்லை. 1791இல் தீவை மீட்க முயன்று அவர் தோற்றார். மலாய் மக்கள் அவ்வூரைத் ‘தஞ்சோங்’ என்றே வழங்கினர். முனை என்பது அதன் பொருள். தமிழ் முஸ்லிம் வணிகர் வாழ்ந்த வீதி சூலியா வீதி ஆயிற்று. ‘சூலியா’ என்பது ‘சோழிய’ என்பதன் திரிபு என்பர். 1801இல் எழுந்த கப்பித்தான் கிலிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் இன்றும் அருகருகே உள்ளன. 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றதற்கு இவ்வகைப் பன்மையே காரணமாயிற்று.

தென்னமெரிக்காவின் கயானாவில் டெமராரா ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள ஜார்ஜ் டவுன், கைமாறுந்தோறும் பெயர் மாறிய ஊர். 1782இல் பிரெஞ்சுக்காரர் அதை லாங்ஷாம் என்றனர். 1784இல் மீண்ட டச்சுக்காரர் ஸ்டாப்ரூக் என்றனர். 1812இல் ஆங்கிலேயர் ஜார்ஜ் டவுன் ஆக்கினர். கடல் பொங்கும் வேளையில் நீர்மட்டத்துக்கும் தாழ்ந்து கிடக்கும் நிலம் அது. கடற்சுவரும் மதகுகளுமே அதனைக் காக்கின்றன. அதன் கிழக்கே உள்ள தோட்டங்களில் 1823 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்க அடிமைகள் விடுதலை கேட்டு எழுந்தனர், நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். எழுச்சி மூண்ட தோட்டங்களுள் ஒன்றன் பெயர் ‘சக்சஸ்’, அதாவது வெற்றி. உரிமையாளர் ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை.

1838ஆம் ஆண்டு ஈண்டு உற்று நோக்கத்தக்கது. மே 5ஆம் நாள், அதே கிளாட்ஸ்டனின் ஏற்பாட்டால், கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்னும் இரு கப்பல்களில் ஏறத்தாழ 400 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கயானாவை அடைந்தனர். ஆகஸ்டு முதல் நாள் அங்கே ஆப்பிரிக்கர் முழு விடுதலை பெற்றனர். அதே ஆண்டில் பொட்டோமாக் கரையில், இயேசு சபையினர் தாம் நடத்திய ஜார்ஜ் டவுன் கல்லூரியின் கடன் தீர்க்க, 272 அடிமைகளை 1,15,000 டாலருக்கு லூசியானாவுக்கு விற்க உடன்பட்டனர். 2016இல்தான் அப்பல்கலைக்கழகம் அவர்தம் வழிவந்தோர்க்குச் சேர்க்கையில் முன்னுரிமை அளிப்பதாக அறிவித்தது. ஒரு ஜார்ஜ் டவுனில் அடிமைத்தளை அறுகிறது. பிறிதொரு ஜார்ஜ் டவுனின் பொருட்டு அது இறுகுகிறது. அறுந்த இடத்தை நிரப்ப நம் நாட்டவர் கப்பலேறுகின்றனர். கயானா, சென்னை வரலாறுகளைத் தனித்தனியே படிப்போர்க்கு இத்தொடர்பு புலப்படுவதில்லை.

1845 முதல் சென்னையிலிருந்தும் கயானாவுக்குக் கப்பல்கள் சென்றன. அந்நாளில் சென்னைக்கு முறையான துறைமுகம் இல்லை. கரையிலிருந்து மசூலாப் படகுகளில் அலை கடந்து, தொலைவில் நின்ற கப்பலை அடைய வேண்டும். அக்கரையை ஒட்டிய ஊரை ஆங்கிலேயர் ‘பிளாக் டவுன்’ என்றனர்; கருப்பர் நகரம் என்று நாமும் எழுதிவருகிறோம். கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே ஏனையோர் என்பதே அப்பெயரின் இலக்கணம். கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரம் 1746க்குப் பிந்தைய பிரெஞ்சு, ஆங்கிலப் போர்களில் பாதுகாப்பின் பெயரால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கிருந்த சென்னக் கேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் கொடையால் அது வடக்கே புதிய நகரில் மீண்டும் எழுந்தது. கோட்டைக்கும் புதிய நகருக்கும் இடையே எவரும் வீடு கட்டலாகாது என்று 1773இல் எல்லைத்தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது.

இந்நகருக்கு ஜார்ஜின் பெயர் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவர் ஐந்தாம் ஜார்ஜ். நான்கு கரைகளுள் இப்பெயரைக் கடைசியில் பெற்றது சென்னையே. எனவே 1845இல் இக்கரையில் படகேறியவர் கருப்பர் நகரத்தின் அருகே புறப்பட்டு ஜார்ஜ் டவுனை அடைந்தார். அப்பெயர் அவர்தம் பிறந்த மண்ணுக்கு வந்து சேர மேலும் இரு தலைமுறை ஆயிற்று. கருப்பர் என்னும் இழிசொல் நீங்கியது நன்றே என்பேன். ஆயின் நீங்கிய இடத்தில் முத்தியாலுப்பேட்டையோ பெத்துநாயக்கன்பேட்டையோ அமர்த்தப்படவில்லை. இழிவைப் போக்கவும் ஓர் அரசர் பெயரே தேவைப்பட்டது.

மக்கள் நாவோ வேறு வழியில் சென்றது. சென்னையில் பேருந்தேறுவோர் ‘பாரிமுனை’ என்பர். கயானாவில் பெருஞ்சந்தை இன்றும் ‘ஸ்டாப்ரூக்’ சந்தைதான். அவையும் அயலார் பெயர்களே என்பது வேறு செய்தி.

1838 முதல் 1917 வரை கயானா சென்ற ஏறத்தாழ 2,39,000 இந்தியருள் சென்னை வழிச் சென்றோர் சிறுபான்மையினர். அங்கே அவர்களுக்கு ‘மதராசி’ என்பதே பெயர். மொழி பெரும்பாலும் மறைந்துவிட்டது. மாரியம்மன் வழிபாடு நிற்கிறது. பூசையில் தமிழ்ப் பாடல்கள் ஒலிக்கின்றன, பாடுவோர் பலர்க்குப் பொருள் தெரியாத நிலையிலும். நம் வட்டத்துக் கவிஞர்கள் அப்பாடல்களைத் திரட்ட முற்பட்டால் பெருந்தொண்டாகும்.

முதற்கப்பல்கள் சென்னையிலிருந்து அங்குச் சென்ற ஆண்டுகளில், கருப்பர் நகரத்து ஏழுகிணற்றுப் பகுதியில் இராமலிங்க வள்ளலார் வாழ்ந்திருந்தார். கந்தகோட்டத்து முருகனைப் பாடிய தெய்வமணிமாலையில் அவர் ஊரைச் சென்னை என்றே சுட்டுகிறார். அவர் குடியிருந்தது வீராசாமிப் பிள்ளை தெரு. கயானாவின் ஜார்ஜ் டவுனில் வீராசாமி என்பது இன்று ஒரு குடும்பப் பெயர்.