பினாங்கின் அளவுக் காலணி வினை

அளவுக் காலணி என்பது ஒருவருடைய பாதத்தை அளந்து, அப்பாதத்திற்கெனவே வடிவம் வரைந்து, கையால் செய்யப்படும் காலணியாகும். மலேசியாவின் பினாங்குத் தீவில் இவ்வினை ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் தந்தையிடம் மகனும் முதலாளியிடம் பயிலுநரும் கற்கும் தொழிலாக வளர்ந்தது.

இதன் பழைய கிளை ‘காசூட் மானேக்’ எனப்படும் மணிக்காலணியாகும். மலாய் மொழியில் காசூட் என்பது காலணியையும் மானேக் என்பது மணியையும் குறிக்கும். சீன, மலாய் மரபுகள் கலந்த பெரானாக்கான் குடும்பங்களில் நியோன்யா எனப்படும் பெண்கள், பிடாங்கான் என்னும் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஐரோப்பாவிலிருந்து வந்த பொடிக் கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்துப் பூவும் பறவையும் உருவாக்கினர். மணப்பெண்ணின் பொறுமையும் கைத்திறனும் இவ்வேலையைக் கொண்டே மதிக்கப்பட்டன. மணித்துணி முடிந்தபின் அது காலணிக் கம்மியரிடம் சென்று, அவரால் அடித்தோலுடன் பொருத்தப்பட்டது. காலணியின் அழகு நியோன்யாவின் விரல்களுக்கு உரியதாயினும், அது காலில் வழுவாமல் நிற்பது கம்மியரின் கணக்கினாலேயாம்.

அக்கணக்கே பயிற்சியின் உயிர்நிலை. உடல் எடை தாங்கும்போது பாதம் நீண்டு அகல்வதால், நின்ற நிலையில் தாளின்மீது அதன் விளிம்பு வரையப்பட்டு, விரல்மூட்டு, புறங்கால், குதிகால் ஆகிய இடங்களின் சுற்றளவு நாடாவால் எடுக்கப்படும். இவ்வளவுகளுக்கேற்ப ‘லாஸ்ட்’ எனப்படும் கால்வடிவக் கட்டை செதுக்கப்படும். குறைந்த இடத்தில் தோல்துண்டு ஒட்டிக் கட்டையைப் பருக்கச் செய்வதும் உண்டு. கட்டைமேல் ஒட்டுநாடா சுற்றி, அதன்மீது வடிவத்தை வரைந்து, அறுத்தெடுத்துத் தட்டையாக்கினால் வெட்டுப்படி கிடைக்கும். தோல் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நீள்வதில்லை என்பதால், விரல்நுனியிலிருந்து குதிகால் நோக்கிய திசையில் நீட்சி குறைவாக இருக்கும்படி வெட்டுதல் வேண்டும்; இதனைத் தவறவிட்டவர் தைத்த காலணி சில வாரங்களில் தளர்ந்துவிடும். பின்னர் ஓரங்களைச் சீவித் தைத்து, மேல்தோலைக் குறடால் கட்டைமேல் இழுத்து ஆணியடித்து, வடிவம் படியும்வரை நாட்கணக்கில் விட்டு, அதன் பிறகே அடித்தோல் சேர்க்கப்படும். இழுக்கும் விசையை எந்த ஏட்டாலும் கற்பிக்க இயலாது.

இம்மரபில் உலகப் புகழ் பெற்றவர் ஜிம்மி சூ. இவர் 1948இல் காலணிக் கம்மியர் ஒருவரின் மகனாகப் பினாங்கில் பிறந்தார். இவரது குடும்பப் பெயர் சௌ என்பதே. பிறப்புச் சான்றிதழில் சூ எனப் பிழையாகப் பதிவானது நிலைத்துவிட்டது. தந்தை இவரைப் பல மாதங்கள் தோலைத் தொடவிடாமல் அருகமர்ந்து பார்க்கவே வைத்தார். அதன் பின்னரே 11 வயதில் முதற்சோடி உருவாயிற்று. இலண்டனின் கார்ட்வெய்னர்ஸ் கல்லூரியில் 1983இல் தேறி, 1986இல் அந்நகரின் ஹாக்னிப் பகுதியில் பட்டறை திறந்து, இளவரசி டயானாவுக்குக் காலணி செய்தார். கல்லூரி இவருக்கு வடிவமைப்பைத் தந்தது. கைவினையைத் தந்தது பினாங்கின் பட்டறையே. 1996இல் தமாரா மெல்லன் என்பவருடன் தொடங்கிய காலணி நிறுவனத்தில் தமக்கிருந்த பாதிப் பங்கை 2001இல் விற்று, மீண்டும் அளவுக் காலணிக்கே திரும்பினார்.

பினாங்கிலோ இவ்வினைக்கு வருவோர் குறைந்தனர். தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாசில் 1972 முதல் தடையற்ற வாணிப மண்டலம் வளர்ந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் இளைஞர்க்கு மாதச் சம்பளம் தந்தன. நெடும்பயிற்சி வேண்டும் இத்தொழிலில் நிலைத்து, ஜார்ஜ் டவுனில் மணிக்காலணி தைப்போர் இன்று சிலரே.