சுரைக்குடுக்கையும் நீச்சலுடையும்

கரிசல் நிலத்தில் இடைசெவல், கோவில்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகள் நீந்தப் பழகியது பெரும்பாலும் கிணறுகளிலும், மழைக்குப் பெருகும் கண்மாய்களிலும்தான். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் பிள்ளையை நீரில் இறக்குவது நம் கிராமங்களின் பழைய வழக்கம். கைகால் பழகியதும் குடுக்கையை அவிழ்த்துவிடுவார்கள். குடுக்கையோடு மிதந்தவனை நீச்சல்காரன் என்று ஊர் ஏற்பதில்லை.

இவ்வேறுபாட்டை உலக நீச்சல் கூட்டமைப்பு விதியாக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் ‘எல்இசட்ஆர் ரேசர்’ என்னும் உடையை அறிமுகப்படுத்தியது. பாலியூரிதேன் பட்டைகள் பதித்த அவ்வுடை உடலை இறுக்கி, நீரின் தடையைக் குறைத்தது. மறு ஆண்டே முழுதும் பாலியூரிதேனால் ஆன உடைகள் வந்தன, மிதப்பும் கூடிற்று. 2009இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் பதிவாயின. 2010 சனவரி முதல் இவ்வுடைகள் விலக்கப்பட்டன. ஆடவர்க்கு இடுப்பு முதல் முழங்கால் வரை, மகளிர்க்குத் தோள் முதல் முழங்கால் வரை, துணியாலான உடை மட்டுமே என்றாயிற்று.

அவ்வாண்டிலேயே இவ்விதி 25 வயதுக்கு மேற்பட்டோர் நீந்தும் ‘மாஸ்டர்ஸ்’ போட்டிகளுக்கும் விரிந்தது. பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காக நீந்துபவர்கள் எதை அணிந்தால் என்ன என்ற கேள்வி அப்போது எழுந்தது. இன்றும் அது கேட்கத் தக்கதே.

இதற்கு விடை தேட ஹாக்கி ஊரான கோவில்பட்டியின் அனுபவம் உதவும். 1928 முதல் 1964 வரை இந்தியா ஏழு ஒலிம்பிக் தங்கங்களை வென்றது புல்தரையில். 1976இல் மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. வேறு காரணங்களும் உண்டு. எனினும் மண்தரையில் பழகிய சிற்றூர் ஆட்டக்காரனுக்கும் பெரிய போட்டிக்கும் நடுவே பணம் ஒரு வேலியாக நின்றது. கோவில்பட்டியின் செயற்கைத் தரையில் தேசிய ஜூனியர் ஆடவர் போட்டி நடந்தது 2022இல். மான்ட்ரியலுக்கு 46 ஆண்டுகள் கழித்து.

ஆடுகளத்தையாவது அரசு ஊருக்குப் பொதுவாக அமைத்துத் தர முடியும். சில பந்தயங்களிலேயே நைந்துபோகும் விலையுயர்ந்த உடையை அவரவரே வாங்கியாக வேண்டும். மேலும், ஐம்பது வயதில் நீந்துபவர் போட்டியிடுவது பக்கத்துத் தடத்தில் இருப்பவரோடு மட்டுமன்று, தம்முடைய சென்ற ஆண்டு நேரத்தோடும்தான். கடிகாரம் காட்டுவது உடலின் ஆற்றலா உடையின் ஆற்றலா என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டால் அந்த ஒப்பீடு பொருளிழக்கும்.

பயிற்சியில் எவரும் எதையும் அணியட்டும். பந்தயத்தில் தடை நீடிப்பதே நியாயம்.