கோழிக்கும் ஒரு கிடை

போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் எடுத்ததைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கோழிக்கும் நடுகல் எடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? செங்கல்பட்டு மாவட்டத்து இந்தளூரில் கிடைத்த கல் ஒன்று, சேவற்போரில் இறந்ததாகக் கொள்ளப்படும் கீழ்ச்சேரிச் சேவலுக்கு எடுத்தது. அதன் பெயர் பொற்கொற்றி. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும் இப்படி ஒரு சேவற்கல் உண்டு. ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் பழையன இவை; மாமல்லபுரத்துப் பாறைகளில் பல்லவரின் உளி படுவதற்கு முந்தியவை. பெயர் சூட்டி, இறந்தபின் கல்லும் நாட்டியவர்கள் கோழியை ஏனோதானோவென்றா வளர்த்திருப்பார்கள்!

கோழியை அடைக்க நம் கிராமத்து வீடுகளில் வழங்கிவந்த எளிய சாதனம், கவிழ்த்துப் போடும் கூடை. தென் மாவட்டங்களில் பஞ்சாரம் என்பார்கள். மூங்கில் பிளாச்சு, பனைநார் என்று அருகில் கிடைத்ததைக் கொண்டு முடைவது. அதற்கு அடிப்பாகம் கிடையாது. தாய்க்கோழியைக் குஞ்சுகளோடு மூடிவிட்டால் பருந்தும் காகமும் நெருங்கா. மறுநாள் வேறிடத்தில் கவிழ்த்துக்கொள்ளலாம். மேனாட்டார் இன்று போற்றும் 'நகரும் கோழிக்கூட்டின்' இலக்கணம் இதிலேயே அடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

கூட்டை நகர்த்துவதால் நிலத்துக்கு வரும் நன்மையும் நம் உழவர் அறிந்ததே. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். இன்றிரவு ஓரிடம், நாளை அடுத்த இடம். புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு உரம். ஊர் ஊராகச் செல்லும் வாத்து மேய்ப்போரும் இரவில் வலையை வளைத்துக் கட்டி வாத்துகளை அடைப்பார்கள். வீட்டுக்கு நாலைந்தே கோழி இருந்ததால், கோழிக்குக் கிடை தேவைப்படவில்லை போலும்.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் சக்கரம் பூட்டிய கோழிக்கூடுகளை வயலுக்கு இழுத்துச் சென்றார்கள். உழவு சாலில் புரளும் வண்டுப் புழுக்களைக் கோழிகள் பொறுக்கித் தின்றன. இங்கிலாந்தில் 1930களில், நாள்தோறும் புல்தரைமேல் நகர்த்தும் அடியில்லாக் கூடுகள் பரவின. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கம்பிக்கூண்டுப் பண்ணைகள் பெருகவே அவை பின்தங்கின. 1993-இல் ஜோயல் சாலட்டின் எழுதிய நூலும், 1994-இல் ஆண்டி லீ எழுதிய நூலும் அமெரிக்காவில் அவற்றுக்கு மறுவாழ்வு தந்தன. லீ தம் நூலுக்கு வைத்த பெயர் 'கோழி டிராக்டர்'. கிளறுவதும் உரமிடுவதும் கோழியே அல்லவா!

நகர்த்துவதில் உள்ள விஞ்ஞானம் என்ன? இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்னும் ஓரணு உயிரியின் முட்டை போன்ற உறைகள் எச்சத்தோடு வெளிவருகின்றன. வெளிவந்த உடனே அவற்றுக்குத் தொற்றும் ஆற்றல் இல்லை. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் முதிர்ந்துவிடும். அதற்குள் கூட்டை நகர்த்திவிட்டால் கோழி தப்பிக்கும். ஒரே இடத்தில் கிடந்தால், தன் எச்சத்தையே கொத்தி நோயை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் வெள்ளைக்கழிச்சலை இந்த உபாயம் தடுக்காது. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் அறியப்பட்டு, மறு ஆண்டே நம் நாட்டு இராணிக்கேத்தில் கண்டறியப்பட்ட வைரஸ் நோய் அது. சில நாட்களில் ஒரு தெருவின் கோழிகளையே வாரிக்கொண்டு போய்விடும். முட்டை விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டுப்புத்தகம் வாங்கும் தாய்க்கு அது சிறு இழப்பன்று. தடுப்பூசி ஒன்றே வழி.

மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களில் இக்கூடு செய்யப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பருத்தி வலை உப்புநீரில் மக்கிப்போகும். பின்னர் வந்த நைலான் வலை மக்காது. கிழிந்த வலை கடலில் கிடந்தால் ஆமைகளுக்கு எமன். மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் கோழிக்குக் கூரை. 6 அடி நீளம், 4 அடி அகலமுள்ள சட்டம் பத்துக் கோழிகளுக்குப் போதும். ஒரு பாதிக்குக் கீற்று வேய்ந்து நிழல் தாருங்கள். பக்கங்களில் மட்டும் வலையை நம்பாதீர்கள். கீரி கடித்துவிடும், கோழியின் காலும் சிக்கிக்கொள்ளும். அங்கே பழைய இரும்புக் கம்பிவலை நல்லது. ஒரு முனையில் பழைய சைக்கிள் சக்கரம் இரண்டைப் பூட்டினால் சிறுவர்களே தள்ளிவிடலாம். உப்புக்காற்றில் அச்சு துருப்பிடிக்கும். அவ்வப்போது எண்ணெய் விடுங்கள். ஐப்பசி பிறந்து காற்று மாறிவிட்டால், இரவில் நான்கு மூலையிலும் கல் ஏற்றி வைக்க மறக்க வேண்டாம்.