டயல்-அப் மோடமும் யூனிக்ஸும்: மெயில் வந்த வழி

இன்று புதுப்பட்டினம் கடைத்தெருவில் நின்றபடி செல்போனைத் தட்டினால் மெயில் அமெரிக்கா போய்விடுகிறது. பக்கத்தில் இருக்கும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் பழைய மெயில் முகவரிகள் "எர்நெட்.இன்" என்று முடியும். அந்த எர்நெட் ஆரம்பித்த கதை தெரியுமா? சாதாரண டெலிபோன் லைன், ஒரு மோடம், ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர். அவ்வளவுதான்!

1986-ல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் எர்நெட்டைத் தொடங்கியது. சென்னை உட்பட 5 ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பை என்.சி.எஸ்.டி., டெல்லியில் மின்னணுத் துறை என மொத்தம் 8 இடங்கள். 1987-ல் என்.சி.எஸ்.டி.க்கும் மும்பை ஐ.ஐ.டி.க்கும் இடையே டயல்-அப் மூலம் மெயில் ஓடியது.

ஆனால் அன்றைய டெலிபோன் லைனில் பேசுவதே கஷ்டம். இரைச்சல், ராங் நம்பர், பாதியில் கட். மனிதன் என்றால் "ஹலோ, ஹலோ" என்று கத்திச் சமாளிப்பான். கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

அதற்கு விடை யு.யு.சி.பி. 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் எழுதிய யூனிக்ஸ் புரோகிராம் இது. கடிதத்தை 64 எழுத்துத் துண்டுகளாக வெட்டி அனுப்பும். ஒவ்வொரு துண்டோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகும். எண் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் துண்டை மறுபடி அனுப்ப வேண்டும். நம் கணக்குப் பதிவியலில் இருப்புச் சோதனை போடுவது போலத்தான்.

லைன் கட்டானால் கடிதம் வரிசையில் காத்திருக்கும், பிறகு மீண்டும் டயல் செய்யும். எஸ்.டி.டி. கட்டணம் குறைவான இரவு நேரத்தில் மட்டும் கூப்பிடு என்றும் எழுதி வைக்கலாம். எதிர்முனையில் "லாகின்" என்ற சொல் வருகிறதா என்று பார்க்கும்போதுகூட, முதல் எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தேடச் சொல்வார்கள். முதல் எழுத்து பெரியதா சிறியதா, இரைச்சலில் சிதைந்ததா என்ற கவலையே இல்லை!

இன்னொரு ஆபத்தும் இருந்தது. லைன் கட்டானதை மோடம் யூனிக்ஸுக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்றே கேபிளில் தனிக் கம்பி உண்டு. மோடத்தைத் தவறாக அமைத்தால், லைன் போன பிறகும் "இருக்கிறது" என்றே சொல்லும். அடுத்து டயல் செய்பவர் நேராக முந்தையவரின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடுவார், பாஸ்வேர்டே தேவையில்லை. இரண்டு சிறிய ஏ.டி. கட்டளைகளில் சரிசெய்யக்கூடிய விஷயம்தான். ஆனால் அடுத்தவர் கடிதங்களின் பாதுகாப்பே அதில் அடங்கியிருந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. அப்போது குறைந்த கட்டணத்தில் கிடைத்த ஷெல் கணக்கும் டயல் செய்து யூனிக்ஸுக்குள் நுழைவதுதான். படம் கிடையாது, எழுத்து மட்டும்.

நல்ல லைன் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. லைன் கெடும் என்று முதலிலேயே கணக்கில் எழுதிக்கொண்டு வேலை செய்தார்கள். இன்றைய இன்டர்நெட்டும் தொலைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்கித்தான் ஓடுகிறது. அடுத்த முறை சிக்னல் போய்த் திரும்பி வந்ததும் மெயில் தானாகப் போனால், அந்தப் பழைய மோடத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!